மழை இல்லாத நாளில் ஒழுகிய கூரை: ஒரு பழைய வீட்டின் மர ஓடுகளை மாற்றிய நிகழ்வு ஆய்வு

வீட்டுக்காரர் சொன்ன புகாரே கொஞ்சம் விநோதமாக இருந்தது. மாடிப் படுக்கையறையின் உட்கூரையில் ஈரக்கறை படிகிறது; ஆனால் மழை பெய்யும்போது இல்லை. குளிர்காலத்தில், வானம் பளிச்சென்று இருக்கும் காலைகளில்தான். கொட்டித் தீர்க்கும் மழையில்கூட அந்த இடம் காய்ந்தே கிடக்குமாம். “கூரை போட்டு 18 வருஷம்தான் ஆகுது. அதுக்குள்ள போயிடுச்சா?” என்று கேட்டார்.

போய்த்தான் இருந்தது. ஆனால் எப்படிப் போனது என்று பார்க்காமல் புதுசு போட்டிருந்தால், இன்னும் 18 வருஷம் கழித்து வேறொருவர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார். அதனால் இந்த ஆய்வில் புதுக் கூரை போட்ட கதையைவிடப் பழைய கூரையைப் பிரித்த கதைதான் நீளமாக இருக்கும்.

வீடு 150 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. மரச்சட்டக் கட்டுமானம், இரண்டு தளம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருப்பதால், வெளியிலிருந்து தெரியும் எதையும் அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. முன்னும் பின்னும் ஏறக்குறைய 45 பாகைச் சரிவில் இரண்டு பெரிய கூரைகள். பின்பக்கம் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய தாழ்ந்த சரிவு ஒன்று. பெரிய கூரைகள் இரண்டிலும் மர ஓடு. ஆய்வு செய்து, வேலைக்கான குறிப்பு எழுதி, வேலையை மேற்பார்வை பார்ப்பது என் பொறுப்பு.

மர ஓட்டில் இரண்டு வகை உண்டு. ரம்பத்தால் அறுத்து, ஒரு முனை தடித்து மறுமுனை மெலியும்படி ஆப்பு வடிவில் வருவது ஷிங்கிள். கட்டையைக் கத்தி வைத்துத் தட்டி, நாரின் போக்கிலேயே பிளந்து எடுப்பது ஷேக். பிளந்த ஓட்டில் நார் அறுபடாததால் நீர் நார் வழியே வழிந்து போய்விடும். பார்ப்பதற்கு முரடாக, மேடு பள்ளமாக இருக்கும். இந்த வீட்டுக் கூரையில் கிடந்தது அந்த முரட்டு ரகம். பழைய வீடு என்றால் ஓடும் கரடுமுரடாகத்தான் இருந்திருக்கும் என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். அது தப்பு. அந்தக் காலத்தில் பிளந்த ஓட்டைக்கூட அப்படியே கூரையில் ஏற்ற மாட்டார்கள். இரண்டு கைப்பிடி வைத்த இழைப்புக் கத்தியால் சீவி வழவழப்பாக்கித்தான் அடிப்பார்கள். முரட்டுத்தனம் பிற்கால ரசனை.

திறந்து பார்த்தபோது

வடக்குச் சரிவில் ஐந்து, தெற்குச் சரிவில் ஐந்து என்று பத்து ஓடுகளைக் கழற்றினோம். மேல்முகம் எல்லாவற்றிலும் நன்றாகவே இருந்தது. சாம்பல் நிறம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர், மர நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைப்பதால் வரும் நிறம் அது. வயதின் அடையாளம், நோய் இல்லை.

வடக்குப் பக்க ஓட்டைத் திருப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. அடிமுகம் கரியாக இருந்தது. கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். நனைந்த அட்டையில் இறங்குவதுபோல் இறங்கியது. ஈரமானியில் 31 விழுக்காடு. தெற்குப் பக்கம் 17. மரத்தைத் தின்னும் பூஞ்சைகளுக்கு ஈரம் வேண்டும். 20 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்தால் அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 30ஐத் தொட்டுவிட்டால் விருந்துதான்.

மழையில் நனைவது மேல்முகம். இற்றது அடிமுகம். எங்களோடு இருந்த மூத்த தச்சர் ஓட்டைக் கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, “இது நனைஞ்சு செத்த மரம் இல்லை, காயாம செத்த மரம்” என்றார். ஆய்வு முழுவதையும் அவர் அந்த ஒரு வரியிலேயே முடித்துவிட்டார். மிச்சத்தை நான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

அடுக்கு அடுக்காகப் பிரித்தோம். ஓட்டுக்கு அடியில் தார் ஃபெல்ட், அதாவது தார் தோய்த்த தடித்த விரிப்பு; அதற்கு அடியில் பிளைவுட். ஓடு ஃபெல்ட்டின் மேல் அப்படியே படுத்திருந்தது. நடுவே ஒரு தாள் நுழையக்கூட இடமில்லை. போதாததற்கு, ஒவ்வொரு ஓட்டு வரிக்கும் இடையிலும் ஒரு ஃபெல்ட் பட்டை. பிளந்த ஓடு சமமாகப் படியாது என்பதால் காற்றோடு வரும் நீரைத் தடுக்க அப்படிச் செருகுவது வழக்கம்தான். ஆனால் இங்கே ஓட்டுக்குள் போன ஈரம் வெளியேற எந்தப் பக்கமும் வழி இல்லாமல் போயிற்று. ஓடுகளைப் பிடித்திருந்தவை சாதாரண எஃகு ஸ்டேப்பிள்கள். ஓடுகள் சீடர் என்ற ஊசியிலை மரம்; அதன் சாறு எஃகைத் தின்னும். பாதிக்கு மேல் துருவாகிக் கையில் உதிர்ந்தன.

அப்புறம் மச்சுக்குள் போனோம். அங்கேதான் குளிர்காலக் கறையின் ரகசியம் இருந்தது. வீட்டைச் சூடாக வைக்க, கைமரங்களுக்கு நடுவே பிளைவுட்டை ஒட்டும்படி கண்ணாடி இழைப் பஞ்சை அமுக்கித் திணித்திருந்தார்கள். குளியலறைக் காற்றாடியின் குழாயோ மச்சோடு நின்றுவிட்டது. வெளியே போகவே இல்லை. குளியலறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று பஞ்சைத் தாண்டிப் போய், வெளிக்குளிரில் சில்லிட்டிருக்கும் பிளைவுட்டின் அடியில் பட்டு நீராகிறது. இரவெல்லாம் உறைகிறது. காலை வெயில் பட்டதும் உருகிச் சொட்டுகிறது. மழை இல்லாத நாளில் கூரை ஒழுகியது இப்படித்தான்.

பிளைவுட்டைப் பெயர்த்தபோது அடியில் இன்னொன்று கிடைத்தது: வீடு கட்டியபோது போட்ட ரீப்பர் பலகைகள். இடைவெளி விட்டு வரிசையாக அடித்தவை. அவற்றை எடுக்கச் சோம்பல்பட்டு அவற்றின் மேலேயே பிளைவுட்டைப் பரப்பியிருக்கிறார்கள். அந்தச் சோம்பலுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ரீப்பர்களுக்கு நடுவே இடைவெளி விட்டது பலகையை மிச்சப்படுத்த மட்டும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஓட்டின் முதுகுக்குக் காற்று போக அதுதான் வழி. மேலே நனைந்த ஓடு, மழை விட்டதும் இரண்டு முகத்திலும் காய்ந்துவிடும். அந்த வழியை மூடிய அன்றே கூரையின் ஆயுள் பாதியாகிவிட்டது.

பழைய கூரை எப்படி இருந்தது?

இதற்கு ரீப்பர்களே சாட்சி. அவற்றில் இரண்டு விதமான ஆணித்துளைகள் இருந்தன. வட்டத் துளைகள் கம்பி ஆணியினுடையவை, அவை பிற்காலத்தவை. நீள்சதுரத் துளைகள் தகட்டிலிருந்து வெட்டி எடுத்த ஆணிகளுடையவை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த ஆணிதான் புழக்கத்தில் இருந்தது. நூற்றாண்டின் கடைசிக்கு வரும்போது கம்பி ஆணி அதை ஓரங்கட்டிவிட்டது. ஆக, நீள்சதுரத் துளைகளை மட்டும் அளந்தால் முதல் கூரையின் கணக்கு கிடைக்கும். வரிக்கு வரி 5¼ அங்குலம் வந்தது. 18 வருஷத்துக் கூரையில் இது 10 அங்குலம்.

வெறும் துளையை நம்பிக் கூரை போடுவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது பின்பக்கத்து ஒட்டுக் கட்டடம். அதைக் கட்டியபோது பிரதானக் கூரையின் கீழ்மூலை ஒன்று அதற்குள் மாட்டிக்கொண்டது. வெயிலும் மழையும் படாத அந்த இருட்டு மூலையில், டார்ச் அடித்துக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து போனால், 11 ஓடுகள் முதலில் அடித்த இடத்திலேயே இருந்தன.

ஒன்றை மட்டும் கழற்றினேன். நீளம் 18 அங்குலம். அடிமுனைத் தடிமன் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முகத்தில் நீளவாக்கில் மெல்லிய பட்டைகள், இழைப்புக் கத்தி ஓடிய தடம். அடிமுனையிலிருந்து ஒரு பகுதி சாம்பல் பூத்து லேசாகத் தேய்ந்திருந்தது. அதற்கு மேல் கத்தி வைத்துக் கீறியதுபோல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மரம் தேன் நிறத்தில் புதிதாக இருந்தது. மேல் வரி ஓடு மூடிய இடம் அது. கோடு வரை அளந்தேன். 5¼ அங்குலம். ரீப்பர் சொன்னதையே ஓடும் சொன்னது. அந்த மூலையிலிருந்து வெளியே வரவே மனசில்லை எனக்கு.

5¼ என்பது சும்மா வந்த எண் இல்லை. ஓட்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வெளியே தெரிய வேண்டும். 18 அங்குல ஓட்டுக்கு அது 6க்குள். அப்போதுதான் கூரையின் எந்த இடத்தில் விரலை வைத்தாலும் கீழே மூன்று ஓடுகள் இருக்கும். ஒன்று பிளந்தாலும் இரண்டாவது, அதுவும் போனால் மூன்றாவது தாங்கும். ஃபெல்ட் இல்லாமலே பழைய கூரைகள் ஒழுகாமல் இருந்தது இந்தக் கணக்கால்தான்.

முகட்டுக்குச் சாட்சியாகக் குடும்பப் புகைப்படம் ஒன்று கிடைத்தது. காற்று வீசும் பக்கத்துக் கடைசி வரி, முகட்டைத் தாண்டி மறுபக்கத்துக்கு மேல் சில அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. சீப்பின் பற்கள் மாதிரி தெரியும். மழையை முகட்டைத் தாண்டித் தள்ளிவிடுவதற்கான பழைய முறை அது. 18 வருஷத்துக் கூரையில் அந்த இடத்தில் பலகை ஒன்று குல்லா போலக் கவிழ்ந்திருந்தது.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964இன் வெனிஸ் சாசனத்தில் 9ஆவது பிரிவு, ஊகம் தொடங்கும் இடத்தில் மறுசீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. ஓட்டுக்கும் முகட்டுக்கும் எங்களிடம் சான்று இருந்தது, போட்டோம். பின்பக்கத் தாழ்ந்த சரிவுக்குச் சான்று எதுவும் இல்லை. தவிர, 12க்கு 3 (கிடையாக 12 அங்குலம் போனால் 3 அங்குலம் ஏறுவது) என்ற சரிவுக்கும் கீழே மர ஓடு போடுவதே கூடாது. நீர் வழியாமல் தேங்கும். அங்கே ஏற்கெனவே இருந்த உலோகத் தகட்டைச் சரிசெய்து அப்படியே விட்டுவிட்டோம்.

எந்த மரம்?

மரத்தைத் தேர்வதில் அதிகம் யோசிக்கவில்லை. வைரம் பாய்ந்த சீடர், முடிச்சு இல்லாதது, ஆண்டு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி ஆரவாக்கில் அறுத்தது. மூன்றும் கட்டாயம் என்று குறிப்பில் எழுதினேன். வைரப் பகுதியில்தான் பூஞ்சையைத் தடுக்கும் இயற்கைச் சாறு இருக்கிறது; வெளி வெள்ளையில் அது கிடையாது. ஆரவாக்கில் அறுத்தால் மரம் விரிந்து சுருங்குவது ஏறக்குறைய பாதியாகும். மட்டவாக்கில் அறுத்த ஓடு அவ்வளவு நாள் தாங்காது. ஓரம் தூக்கிக்கொண்டு குழியும்.

நல்ல மரம் எப்போதும் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. சிலியின் சிலோயே தீவுகளில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள மரத் தேவாலயங்கள் 16 இருக்கின்றன. அங்கே ஓட்டுக்குப் பேர்போனது அலெர்சே மரம். 3,600 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அலெர்சே ஒன்றின் வளையங்களையே எண்ணியிருக்கிறார்கள். அதை வெட்டிக்கொண்டே போனதில் 1976இல் சிலி அரசு பச்சை மரத்தை வெட்டவே தடை போட்டது. பாரம்பரியத்தைக் காக்கத் தேவைப்படும் மரத்தையே காக்க வேண்டிய நிலை. எங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

ஒரு விட்டுக்கொடுத்தலையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஓடு கையால் சீவியது. நாங்கள் வாங்கியது ரம்பத்தில் அறுத்தது. எல்லாவற்றையும் சீவக் கையும் காலமும் போதாது. தரையில் நிற்பவர் கண்ணுக்கு எட்டும் கீழ் நான்கு வரிகளை மட்டும் தச்சர்கள் கையால் சீவினார்கள். இது சரிதானா என்று கேட்டால், இன்றும் என் பதில் பாதிதான்.

காற்றா, நெருப்பா?

அனுமதியில் இழுபறியானது இந்த இடத்தில்தான். மர ஓட்டுக்கும் நெருப்புக்கும் உள்ள பழைய பகையைத் தீயணைப்புத் துறை நினைவூட்டியது. நியாயம்தான். 1923 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மலைப்புல்வெளியிலிருந்து இறங்கிய தீ, மர ஓட்டுக் கூரைகள் வழியே தாவித் தாவி ஒரே பிற்பகலில் 500க்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. காற்றில் பறக்கும் ஒரு கங்கு, ஓடுகளின் இடுக்கில் விழுந்தால் போதும்.

உலோகமோ செயற்கை ஓடோ போட்டுவிடலாமே என்று வீட்டுக்காரரும் ஒரு கட்டத்தில் கேட்டார். வீட்டின் முகமே கூரைதான். அதை மாற்றிவிட்டு மிச்சத்தைப் பாதுகாத்து என்ன பயன் என்று நான் வாதாடினேன். கடைசியில், அழுத்தத் தொட்டியில் வைத்து நாருக்குள் தீத்தடுப்பு உப்பை ஏற்றிய ஓடு என்று முடிவானது. மேலே பூசுகிற மருந்து வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். சில மழையில் கழுவிக்கொண்டு போய்விடும்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. நாங்கள் ஓட்டுக்கு அடியில் காற்று ஓட வேண்டும் என்கிறோம்; அவர்கள் காற்று ஓடினால் தீயும் ஓடும் என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இறவாரத்திலும் முகட்டுக்கு அடியிலும் காற்று நுழையும் வாய்களுக்கு 3 மில்லிமீட்டர் கண் கொண்ட துருப்பிடிக்காத எஃகு வலை அடித்தோம். காற்று போகும், பெரும்பாலான கங்கு போகாது. வலையில் குப்பை அடைத்துக்கொண்டால் காற்றும் போகாது என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அதைத் தட்டித் துடைக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரரிடம் எழுதியே கொடுத்தேன்.

பிளைவுட் முழுவதையும் அகற்றினோம். அதை விட்டுவிட்டு மேலே புதிதாக ரீப்பர் அடிப்பது சுலபம்; ஆனால் கூரை ஒன்றரை அங்குலம் உயர்ந்து, இறவாரத்து அலங்காரச் சட்டம் பாதி மறைந்துவிடும். பழைய ரீப்பர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இற்றிருந்தது. அவற்றை மட்டும் அதே அகலத்தில் மாற்றினோம். காற்றில் சட்டகம் ஆடாமல் பிடித்துவைக்கப் பிளைவுட் செய்துவந்த வேலையை, மச்சுக்குள் குறுக்காக அடித்த எஃகுப் பட்டைகளிடம் ஒப்படைத்தோம், வெளியே தெரியாது. பஞ்சைக் கைமரங்களுக்கு நடுவிலிருந்து உருவி மச்சுத் தளத்தில் விரித்தோம். குளியலறைக் குழாய் பின்சுவர் வழியாக வெளியே போனது.

நான் செய்த தப்பு

மாதிரிக்காகப் பெரிய கூரையின் பின்சரிவில் பத்தடிக்குப் பத்தடி ஓர் இடத்தை முதலில் போட்டுப் பார்த்தோம். குழுவினர் அனுபவசாலிகள். பச்சை வாசம் மாறாத ஓட்டை அடித்தே பழகிய கை. பச்சை ஓடு காயும்போது சுருங்கி, இடுக்கு தானே அகலமாகும் என்பதால் பக்கத்துப் பக்கத்து ஓடுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் மட்டும் விட்டார்கள். ஆணியைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்தார்கள்.

மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் வந்து பார்த்தால், இரண்டு வரிகள் நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றன. சில ஓடுகள் ஆணித்தலையையும் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டன.

தப்பு என் மேல்தான். தீத்தடுப்பு உப்பு ஏற்றிய பிறகு ஓட்டைச் சூளையில் காயவைத்து அனுப்புகிறார்கள். கட்டைப் பிரித்ததும் ஈரமானியை வைத்துப் பார்த்திருந்தால் அது எவ்வளவு வறண்டிருக்கிறது என்று தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. வறண்ட ஓடு நனைந்ததும் விரியும்; விரிய இடம் இல்லாவிட்டால் எழும். இடுக்கை 8 முதல் 10 மில்லிமீட்டராக்கினோம். துப்பாக்கி ஆணித்தலையை மரத்துக்குள் நொறுக்கிப் புதைத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. தலை ஓட்டின் முகத்தைத் தொட்டு நின்றால் போதும். அதன் பிறகு எல்லாம் சுத்தியல்தான்.

ஒரு ஓட்டுக்கு இரண்டே ஆணி, துருப்பிடிக்காத எஃகு. விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே, மேல் வரி மூடும் கோட்டுக்கு ஒன்றரை அங்குலம் மேலே. ஒரு வரியின் இடுக்கும் அடுத்த வரியின் இடுக்கும் ஒன்றரை அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று வரிகளில் எந்த இரண்டும் நேராக வரக்கூடாது. இதைப் படிக்கச் சுலபம். 4 அங்குலம், 6 அங்குலம் என்று கலந்து வரும் ஓடுகளில் அடுத்ததைப் பொறுக்கி எடுப்பதில்தான் தச்சரின் திறமை இருக்கிறது. மூத்தவர் ஒரு கையால் அடித்துக்கொண்டே மறுகையால் அடுத்த ஓட்டைத் தடவி எடுப்பார். அளவுகோலை அவர் தொட்டு நான் பார்க்கவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு சரிவை மட்டும்தான் திறந்தோம். புகைபோக்கியைச் சுற்றிப் படிப்படியாகத் தகடு மடித்துச் செருகியது நான்கு நாள் வேலை. வேறு சிக்கல் அங்கே வரவில்லை.

அதற்குப் பிறகு

முதல் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை மச்சுக்குள் ஏறி, ரீப்பர் இடைவெளி வழியாக ஓட்டின் முதுகில் ஈரமானியை வைத்தேன். வடக்குச் சரிவில் அதிகபட்சம் 19. மழை விட்ட இரண்டாம் நாளே 16க்கு இறங்கியது. படுக்கையறைக் கறை வளரவில்லை. வசந்தம் வந்ததும் வெள்ளையடித்தார்கள்.

முகட்டின் சீப்பு வரி மட்டும் பலத்த எதிர்க்காற்றில் இரண்டு தடவை நீரை உள்ளே விட்டது. அடியில் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு தகட்டுப் பட்டையைச் செருகினோம். அந்தத் தகட்டை முதலிலேயே போடச் சொன்ன மூத்த தச்சரிடம், பழைய முறை அப்படியே இருக்கட்டும் என்று மறுத்தது நான்தான். வடக்குப் பக்கம் கூரை மேல் சாய்ந்திருக்கும் மரக்கிளையை வெட்டச் சொல்லி இரண்டு தடவை எழுதிவிட்டேன். நிழலும் சருகும் விழுந்தால் பாசி பிடிக்கும். இன்னும் வெட்டவில்லை.

புது ஓடுகள் ஒவ்வொன்றின் முதுகிலும், மூடப்படும் பகுதியில், போட்ட ஆண்டை முத்திரை குத்தினோம். அடுத்து பிரிப்பவருக்கு ஆணித்துளையை எண்ணும் வேலை மிச்சம். இருட்டு மூலையில் இருந்த 11 பழைய ஓடுகளில் 10 இன்னும் அங்கேயே இருக்கின்றன. பதினொன்றாவது மரவகை பார்க்கப் போய்த் திரும்பி வந்தது. அதன் நீள்சதுரத் துளையிலேயே பழைய ஆணியைச் செருகி, முதலில் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.